வாக்குவாதம் செய்யக் கூடாது

அறுபதைத் தாண்டியவர்களுக்கு அதிகச் செலவு வைப்பது சர்க்கரையும் இல்லை, முட்டிவலியும் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு வருகிற பயம். நமக்கு வந்த நோய்க்கு நாம் மாத்திரை விழுங்கினால் தீர்ந்தது. அவர்களுக்கு வந்த பயத்துக்கும் மாத்திரையை நாம்தான் விழுங்க வேண்டியிருக்கிறது.

மகன் நியூ ஜெர்சியில், எடிசனில் இருக்கிறான். மகள் மெல்பர்னில். நான் நங்கநல்லூரில், என் கணவர் கட்டிவிட்டுப் போன வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறேன். வயது 76. நடக்கிறேன், சமைத்துக்கொள்கிறேன், கோயிலுக்குப் போகிறேன். மோட்டார் போட்டால் மட்டும் சில நாள் நிறுத்த மறந்துபோகும். தொட்டி வழிந்து மாடியில் குடியிருப்பவர்கள் கத்துவார்கள். அன்றைக்கு நாலு வார்த்தை மனுஷப் பேச்சு காதில் விழும்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். எங்கள் தெருவை மட்டும் எண்ணினால் கணக்கு தலைகீழாக வரும். சாயங்காலம் ஐந்து மணிக்கு வாசல் வாசலாக நாங்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், ஊரில் இளவட்டங்களை யாரோ சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விட்டதாகத் தோன்றும். உண்மையும் அதுதானே. விசா கொடுத்து அள்ளிக்கொண்டு போனார்கள்.

என் மகனுடைய பயத்துக்குத் தேதி உண்டு. 2023 மே மாதம் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் விவேக் மூர்த்தி தனிமையைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். மனித உறவு இல்லாமல் இருப்பது, ஒரு நாளைக்கு 15 சிகரெட் வரை புகைப்பதற்குச் சமமாக ஆயுளைக் குறைக்கும் என்பது அதன் சாரம். கர்நாடக வம்சாவளிக்காரர் சொன்னதாயிற்றே, நம் ஊர்ப் பாட்டிகளுக்கும் பொருந்தும் என்று என் பிள்ளை முடிவுகட்டிவிட்டான்.

“அம்மா, நீ ஒரு நாளைக்குப் பதினஞ்சு சிகரெட் பிடிக்கிற. தெரியுமா உனக்கு?”

போன் ஸ்பீக்கரில் இருந்தது. கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்த வீட்டு வேலைக்கார அம்மா, துடைப்பதை நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவள் எங்கள் தெருவில் நாலு வீட்டில் வேலை செய்கிறவள். சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா கறிவேப்பிலை கேட்டு வந்தார். அவர் வீட்டிலேயே கறிவேப்பிலை மரம் இருக்கிறது. வந்தவர் இரண்டு முறை மூக்கை உறிஞ்சிவிட்டு, கறிவேப்பிலையையும் வாங்காமல் போனார்.

அதன் பிறகு மகன் வாரா வாரம் ஒரு தகவல் அனுப்பினான். இங்கிலாந்தில் 2018-லேயே தனிமைக்கென்று ஓர் அமைச்சரை நியமித்திருக்கிறார்களாம். ஜப்பானில் 2021-ல் நியமித்தார்களாம். நம் ஊரில் அப்படி ஒரு துறை வந்தால், அந்த அமைச்சர் காரை விட்டு இறங்கும்போதே நூறு பேர் சூழ்ந்துகொள்வார்கள். தனிமையைப் பற்றி அவருக்கு யார் எடுத்துச் சொல்வது? மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567-ஐயும் என் போனில் பதிந்துவைத்தான். காலை 8 முதல் இரவு 8 வரை எடுப்பார்களாம். எனக்கோ தூக்கம் வராமல் விழித்துக் கிடக்கும் நேரம் எட்டுக்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

பிறகு அண்ணனும் தங்கையும் வீடியோவில் கூடி என்னைப் பற்றி ஆலோசித்தார்கள். அமெரிக்காவுக்கே வந்துவிடு என்றான். பனிக்காலத்தில் அவன் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் யாராவது நடந்து போகிறார்களா என்று பார்த்துப் பார்த்துக் கண் பூத்தவள் நான். கோயம்புத்தூரில் மூத்தோர் குடியிருப்பு இருக்கிறது என்றாள் மகள். அங்கே எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே சாம்பார். கடைசியில் இருவரும் ஒத்துப்போன விஷயம் ‘கம்பேனியன்’. ஓர் ஏஜென்சி. வாரத்துக்கு ஐந்து நாள், தினம் சில மணி நேரம் ஒரு ஆள் வீட்டுக்கு வந்து எனக்குத் துணையாக இருக்கும். மணிக்கணக்கில் கூலி. பணம் டாலரில் பாதி, ஆஸ்திரேலிய டாலரில் பாதி.

ஏஜென்சியின் சூப்பர்வைசர் விண்ணப்பத்தோடு வந்தார். நர்ஸ் வேறு, அட்டெண்டர் வேறு, கம்பேனியன் வேறு என்று விளக்கினார். நர்ஸ் ஊசி போடுவார். அட்டெண்டர் குளிப்பாட்டி, உடை மாற்றி, தூக்கி உட்காரவைப்பார். கம்பேனியன் இவை எதையும் செய்ய மாட்டார். மாத்திரையை எடுத்து வாயில் போட மாட்டார், “மாத்திரை போட்டீங்களா மேடம்?” என்று ஞாபகப்படுத்துவார். சமைக்க மாட்டார், பெருக்க மாட்டார், சிலிண்டரைத் தூக்கி மாட்ட மாட்டார். பேசுவார், பேப்பர் படித்துக் காட்டுவார், கோயிலுக்கும் பேங்குக்கும் கூட வருவார், கேரம் ஆடுவார்.

இதையெல்லாம் நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த வேலைக்கார அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“அப்போ அந்தப் பொண்ணு இன்னாதான் செய்யும்?”

“பேசும்.”

“பேசறதுக்கா காசு? பத்து வருசமா நானுந்தான் உன்னாண்ட பேசிக்கினு கீறேன். எனக்கு யாரு குடுத்தா?”

சூப்பர்வைசரிடம் இதற்குப் பதில் இல்லை. அமெரிக்காவில் இதே கேள்வி உச்சநீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அங்கே 1974-ல் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, வீட்டில் முதியவர்களுக்குத் துணையாக இருப்பவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியும் ஓவர்டைமும் கட்டாயமில்லை என்று எழுதிவைத்தார்கள். துணையாக இருப்பது ஒரு வேலையா என்ன, என்கிற எண்ணம்தான். எவலின் கோக் என்கிற அம்மா, இருபது வருஷம் பிறர் வீட்டு முதியவர்களைப் பார்த்துக்கொண்டவர், ஓவர்டைம் கேட்டு வழக்குப் போட்டார். 2007-ல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். 2013-ல் அரசு விதியை மாற்றியது, 2015-ல் அது நடைமுறைக்கு வந்தது. ஏஜென்சிகள் இந்த விலக்கைக் கோர முடியாது என்றும், வேலை நேரத்தில் 20 சதவீதத்துக்கு மேல் குளிப்பாட்டுவது, சமைப்பது என்று போனால் அதற்குத் துணை என்று பெயர் சூட்டித் தப்பிக்க முடியாது என்றும் சொன்னார்கள். எங்கள் வேலைக்கார அம்மா வாஷிங்டனில் பிறந்திருந்தால் விதி இன்னும் முன்பே மாறியிருக்கும்.

பேச்சுக்குக் காசு என்பது என்னை அதிரவைக்கவில்லை. நான் தபால் தந்தித் துறையில் டிரங்க் எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டராகச் சேர்ந்து, பி.எஸ்.என்.எல்.லில் ஓய்வுபெற்றவள். காதில் ஹெட்செட், கையில் டிக்கெட்டும் பென்சிலும். மூன்று நிமிஷம் ஒரு யூனிட். ஆர்டினரி கால் என்றால் ஒரு விலை, அர்ஜென்ட் என்றால் இரண்டு மடங்கு, லைட்னிங் என்றால் எட்டு மடங்கு. “பாட்டி தவறிட்டாங்க” என்ற இரண்டு வார்த்தையை எட்டு மடங்கு காசு கொடுத்துச் சொல்லிவிட்டு, மீதி நேரத்தை வீணாக்கக் கூடாது என்று ஊரில் மழை உண்டா என்று விசாரித்தவர்களை எனக்குத் தெரியும். ஆகவே, மணிக்கு இவ்வளவு என்று ஒரு பெண் வந்து பேசினால் பேசட்டும் என்று கையெழுத்துப் போட்டேன். ஜப்பானில் ஷோஜி மோரிமோட்டோ என்று ஒருவர், எதுவுமே செய்யாமல் சும்மா கூட இருப்பதற்குத் தன்னை வாடகைக்கு விடுகிறார், 2018-லிருந்து அதுதான் அவர் பிழைப்பு என்று மகள் சொன்னாள். மும்பையில் 2022-ல் ‘குட்ஃபெலோஸ்’ என்று ஒரு நிறுவனம் தொடங்கி, படித்த இளைஞர்களை முதியவர்களுக்குத் துணையாக அனுப்பியது. அதில் ரத்தன் டாட்டாவே பணம் போட்டிருந்தார். டாட்டா உப்பு தின்கிற நான் இதை மட்டும் வேண்டாம் என்பதா?

கையெழுத்துப் போட்ட பிறகுதான் விதிமுறைகளைப் படித்தேன். கம்பேனியன் வாடிக்கையாளரிடம் அரசியல், மதம், சொத்து ஆகியவை பற்றிப் பேசக் கூடாது. இந்த மூன்றும் போனால் நங்கநல்லூரில் மிஞ்சுவது வெயில் ஒன்றுதான். பரிசுப் பொருள் வாங்கக் கூடாது. கடைசியாக, தடித்த எழுத்தில்: எந்தச் சூழ்நிலையிலும் வாடிக்கையாளருடன் வாக்குவாதம் செய்யக் கூடாது.

வந்த பெண்ணுக்குத் தென்காசிப் பக்கம். இருபத்துநாலு, இருபத்தைந்து வயது இருக்கும். பழவந்தாங்கலில் லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 பரீட்சைக்குப் படிக்கிறாள். கழுத்தில் ஏஜென்சியின் அடையாள அட்டை, முகத்தில் ஏஜென்சியின் சிரிப்பு. நான் என்ன சொன்னாலும் “ஆமா மேடம்”, “சரிங்க மேடம்”.

சில நாளிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சோதித்துப் பார்த்தேன். புரட்டாசி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த பகல் பன்னிரண்டு மணிக்கு, “லேசா குளிருது இல்ல?” என்றேன்.

“ஆமா மேடம். ஃபேன ஆஃப் பண்ணட்டுமா?”

நெற்றியில் அவளுக்கு வியர்வை வழிந்தது.

மறுநாள், “பராசக்தியில எம்.ஜி.ஆர். கோர்ட்ல நின்னு வசனம் பேசுவார் பாரு, அந்த மாதிரி யாரு பேச முடியும்?” என்றேன்.

“சூப்பரா இருக்கும் மேடம்.”

குரூப் 4-க்குப் பொது அறிவு படிக்கிற பெண். சிவாஜி கணேசனின் முதல் படம் எது, வருஷம் என்ன என்று தூக்கத்தில் கேட்டாலும் பராசக்தி, 1952 என்று சொல்லக்கூடியவள். மணிக்கூலிக்காக சிவாஜியையே விட்டுக்கொடுத்துவிட்டாள். அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தினமும் கிளம்பும் முன்பு அவள் போனில் ஓர் அறிக்கை நிரப்புவாள். அது எடிசனுக்கும் மெல்பர்னுக்கும் போகும். நடைப்பயிற்சி: ஆயிற்று. மதிய உணவு: ஆயிற்று. மனநிலை: மகிழ்ச்சி. பக்கத்தில் மஞ்சள் மூஞ்சி ஒன்று சிரிக்கும். “அம்மா, இந்த வாரம் முழுக்க நீ மகிழ்ச்சியா இருந்திருக்க, கங்கிராட்ஸ்” என்றான் மகன். எனக்கே தெரியாமல் நான் மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

நிலைமை மாறியது நவம்பரில். நவம்பர் மாதம் என்னைப் போன்ற மத்திய அரசு ஓய்வூதியக்காரர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதை அரசாங்கத்துக்கு நிரூபிக்க வேண்டும். முன்பெல்லாம் நேரில் போய் நிற்போம். எங்களைப் பார்க்கும் குமாஸ்தா நம்பலாமா வேண்டாமா என்று யோசித்துக் கையெழுத்துப் போடுவார். 2014-ல் ‘ஜீவன் பிரமாண்’ வந்து கைரேகை கேட்டது. பாத்திரமும் துணியும் தேய்த்த விரலில் ரேகை ஏது? இயந்திரம் என்னைச் செத்தவள் என்றே பலமுறை முடிவு செய்தது. 2021-லிருந்து முகத்தைக் காட்டினால் போதும் என்று ஆக்கிவிட்டார்கள். போன் நம் முகத்தைப் பார்க்கும், நாம் கண்ணைச் சிமிட்ட வேண்டும். சிமிட்டினால் உயிர் இருக்கிறது என்று பொருள்.

அந்தச் செயலியில், உதவி செய்பவர் முதலில் தன் முகத்தைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். அவருக்கு அதில் ‘ஆபரேட்டர்’ என்று பெயர். நான் ஒரு வாழ்நாள் முழுக்கப் பார்த்த உத்தியோகத்தை அந்தப் பெண் ஒரு நொடியில் எடுத்துக்கொண்டாள். பிறகு என் மூக்குக்கு நேரே போனை நீட்டினாள்.

“கண்ணச் சிமிட்டுங்க மேடம்.”

சிமிட்டினேன். ஏற்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து சிமிட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிமிட்டினேன். போன் அசையவில்லை.

“நான் சிமிட்டறேன். உன் போன்தான் சரியில்ல.”

“போன் சரியாத்தான் இருக்கு.”

“அப்போ?”

“நீங்க சிமிட்டல ஆச்சி. முறைக்கீங்க!”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். மேடம் போய் ஆச்சி வந்ததையும், தான் வாடிக்கையாளரை மறுத்துப் பேசியதையும் ஒரே நேரத்தில் உணர்ந்த முகம். எனக்கோ உள்ளே ஏதோ சடாரென்று எழுந்து உட்கார்ந்தது.

“யாரு முறைச்சா? நானா? என் கண்ணே அப்படித்தான்.”

“கண்ணு அப்படின்னா, புருவம் ஏன் மேல போகுது?”

“என் புருவத்தைப் பத்திப் பேச நீ யாரு?”

“நானா? நான் ஆபரேட்டர்!”

சிரித்துவிட்டேன். சிரிக்கும்போது கண் தானாகச் சிமிட்டியது. போன் ஏற்றுக்கொண்டது. இன்னும் ஒரு வருஷத்துக்கு நான் உயிரோடு இருப்பதாக இந்திய அரசு ஒப்புக்கொண்டது.

அதன் பிறகு அவள் எதையும் சும்மா விடவில்லை. பரணில் கிடந்த என் பல்லாங்குழிப் பலகையை இறக்கித் துடைத்தோம். பதினாலு குழி, குழிக்கு ஐந்து சோழி, மொத்தம் எழுபது. இதுவரைக்கும் தகராறு இல்லை. விளையாட்டு விதியில்தான் என் ஊர் மன்னார்குடிக்கும் அவள் ஊர் தென்காசிக்கும் போர் மூண்டது. ஆடிக்கொண்டு வரும்போது ஒரு குழியில் நாலு சோழி சேர்ந்தால் அதற்குப் பசு என்று பேர். எங்கள் வீட்டு விதிப்படி, யார் பக்கத்துக் குழியில் பசு விழுந்ததோ அவருக்கே பசு. அவள் வீட்டு விதிப்படி, நாலாவது சோழியைப் போட்டவருக்குப் பசு.

“என் தொழுவத்துல நிக்கிற மாடு எப்படிடீ உன்னுதாகும்?”

“நாலாவது சோழி என் கையிலேருந்துலா விழுந்துச்சு? மாட்ட ஓட்டிட்டு வந்து கட்டுனது நானு. இடம் மட்டும்தான் உங்களது.”

“இடம் என்னோடதுன்னா மாடும் என்னோடது.”

“அப்போ உங்க வீட்டு வாசல்ல நிக்கிற காரெல்லாம் உங்களதா ஆச்சி?”

நான் எழுந்து நின்றுவிட்டேன். அவளும் எழுந்தாள். எந்த வழக்கறிஞரும் இந்த வழக்கை இவ்வளவு உக்கிரமாக நடத்தியிருக்க மாட்டார். சொத்து பற்றிப் பேசக் கூடாது என்கிற விதியை இருவரும் மறந்தே போனோம். என் கை பட்டுப் பலகை கவிழ்ந்து சோழிகள் கூடம் முழுக்கச் சிதறின. வேலைக்கார அம்மா துடைப்பத்தோடு நின்று, “நாலாவது போட்டவங்களுக்குத்தான் மாடு” என்று கேட்காமலேயே தீர்ப்புச் சொன்னாள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். எவ்வளவு காலத்துக்குப் பிறகு அந்தக் கூடத்தில் அவ்வளவு சத்தம்!

கூடத்து மூலையில் மகன் மாட்டிவிட்டுப் போன கேமரா ஒன்று உண்டு. அதில் படம் தெரியும், சத்தம் கேட்காது. எடிசனில் அப்போது நள்ளிரவு தாண்டிய நேரம். தூக்கம் வராமல் போனைத் திறந்தவன் கண்ணில் பட்டது இதுதான்: விரலை நீட்டி நிற்கும் அம்மா, பதிலுக்கு விரலை நீட்டும் கம்பேனியன், துடைப்பத்தோடு மூன்றாவது ஆள், தரையெல்லாம் சிதறிய சில்லறையோ மாத்திரையோ தெரியாத ஏதோ.

மறுநாள் வேறொரு பெண் வந்தாள்.

ஏஜென்சியின் சிறந்த கம்பேனியன் அவள்தானாம். சான்றிதழைக் காட்டினாள். நான் வெண்டைக்காயைத் தீய்த்தேன். “சூப்பர் மேடம், கிரிஸ்பியா இருக்கு” என்றாள். பல்லாங்குழியில் எழுபது சோழியையும் எனக்கே வாரிக் கொடுத்துவிட்டுக் கை தட்டினாள். பசு யாருக்கு என்று கேட்டேன். “உங்களுக்கு எப்படி இஷ்டமோ அப்படி மேடம்.” அன்றோடு நான் வேலைநிறுத்தத்தில் இறங்கினேன். வாயைத் திறக்கவில்லை. சாயங்கால அறிக்கை போயிற்று: மனநிலை, அமைதி.

மகனை நானே கூப்பிட்டேன்.

“அம்மா, அந்தப் பொண்ணு உன்னை மிரட்டினா. நான் பார்த்தேன்.”

“மிரட்டல. மறுத்துப் பேசினா.”

“அதைத்தான் சொல்றேன். அந்த மாதிரி ஆளு உனக்கு எதுக்கு?”

எதுக்கு என்று அவனுக்குச் சொன்னேன். உங்கள் அப்பா ஐ.சி.எஃப்.பில் ரயில்பெட்டி செய்தவர். நாற்பது வருஷத்துக்கு மேல் என்னோடு குடும்பம் நடத்தி, ஒரு விஷயத்தில்கூட ‘நீ சொல்றது சரி’ என்று சொன்னதில்லை. டிகாக்‌ஷன் தண்ணி என்பார். ஜன்னலைத் திறந்தால் கொசு, மூடினால் புழுக்கம். நான் பஸ் என்றால் அவர் டிரெயின். தினமும் காலையில் எழுந்ததும் இன்றைக்கு எதில் இவரை மடக்கலாம் என்று யோசித்துக்கொண்டேதான் பல் தேய்ப்பேன். அவர் போன பிறகு இந்த வீடு எதிர்க்கட்சி இல்லாத சட்டசபை ஆகிவிட்டது. காலையில் உப்புமா என்று நானே தீர்மானம் கொண்டுவருகிறேன், நானே கையைத் தூக்குகிறேன், ஒருமனதாக நிறைவேறுகிறது. வெளிநடப்பு செய்ய ஒரு ஆள் இல்லை. உப்புமாவைப் பார்த்து முகம் சுளிக்க ஒரு ஆள் இல்லாவிட்டால், உப்பு போட்டோமா என்பதுகூட மறந்துபோகிறது. நான் தப்பாகச் சொன்னால் தப்பு என்று சொல்ல ஆள் இருந்தால்தானே, நான் சொன்னது ஒரு காதில் விழுந்தது என்று எனக்குத் தெரியும்?

“சண்டை போடத்தானே ஆள் வேணும்? நான் போன்ல போடறேனே.”

“நீயா? நீ ‘ஓகேம்மா, ஓகேம்மா’ன்னு சொல்லிட்டு வெச்சுடுவ.”

“அப்படியெல்லாம் இல்ல.”

“அப்படித்தான்.”

“ஓகேம்மா” என்றான்.

2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தை நான் படித்திருக்கிறேன். பிள்ளைகள் பெற்றோருக்குத் தர வேண்டியவை உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் என்று அதில் வரிசையாக இருக்கிறது. தராவிட்டால் மாதம் 10,000 ரூபாய் வரை தரச் சொல்லித் தீர்ப்பாயம் உத்தரவு போடலாம். என் பிள்ளைகள் இந்த நான்கிலும் ஒரு குறை வைக்கவில்லை. சண்டை அந்தப் பட்டியலில் இல்லை, ஆகையால் அவர்கள் மேல் வழக்கும் போட முடியாது.

பழைய பெண்ணைத் திரும்ப அனுப்புங்கள் என்றேன் ஏஜென்சியிடம். புகார் பதிவான ஆளை அதே வீட்டுக்கு அனுப்ப விதியில் இடமில்லை என்றார்கள். புகாரை வாபஸ் வாங்குகிறேன் என்றேன். புகார் கொடுத்தது உங்கள் மகன், வாபஸ் வாங்க வேண்டியவரும் அவர்தான் என்றார்கள். டிரங்க் எக்ஸ்சேஞ்சில் மேலதிகாரியிடம் ஒரு விஷயத்தைச் சாதிக்க நாங்கள் எப்படிப் பேசுவோமோ, அப்படிப் பேசினேன். கடைசியில் புது விண்ணப்பம் ஒன்றை நிரப்பச் சொன்னார்கள். அதில் ‘சிறப்புத் தேவைகள்’ என்று ஒரு கட்டம். எடுத்துக்காட்டாகச் சர்க்கரை நோயாளி உணவு, சக்கர நாற்காலி என்று போட்டிருந்தது. நான் எழுதினேன்: தினமும் ஒரு வாக்குவாதம், குறைந்தது அரை மணி நேரம். சூப்பர்வைசர் அதைப் படித்துவிட்டு, “மேடம், இது நர்ஸிங்ல வருமா, கம்பேனியன்ல வருமா?” என்று கேட்டார்.

அவள் திரும்பி வந்தாள். அறிக்கையில் ‘மனநிலை’ என்ற இடத்தில் இப்போது நாங்கள் சேர்ந்தே எழுதுகிறோம்: “காலையில் கோபம். மதியம் அதிகக் கோபம். பசு வழக்கு ஒத்திவைப்பு.” மஞ்சள் மூஞ்சிகளில் இதற்குப் பொருத்தமானது இல்லாததால் மாட்டுப் படம் போடுகிறாள். மகளுக்கு அறிக்கை படிப்பதில் இப்போது ரொம்ப ஆர்வம். மாடு யாருக்கு என்று அவளும் மெல்பர்னிலிருந்து கருத்துச் சொல்கிறாள். தென்காசிக் கட்சிக்குத்தான் ஓட்டு. வயிற்றில் பிறந்தது என்று பெயர்.

வேலைக்கார அம்மாவின் கேள்வியும் என் மனசை அரித்துக்கொண்டே இருந்தது. பத்து வருஷப் பேச்சுக்குக் கணக்குப் பார்த்துத் தர முடியாது. இனிமேலாவது நியாயம் வேண்டும் என்று சம்பளத்தைக் கூட்டி, “இது வேலைக்கு, இது பேச்சுக்கு” என்று பிரித்துக் கொடுத்தேன். அன்றைக்கு அவள் வாயே திறக்கவில்லை. மறுநாளும் இல்லை.

“ஏன் பேச மாட்டேங்கிற?”

“இன்னா பேசறது? காசு வாங்கிக்கினு பேசணும்னா ஒண்ணும் வர மாட்டேங்குதும்மா.”

இரண்டையும் ஒன்றாக்கி, மொத்தமும் வேலைக்கு என்று சொன்ன பிறகுதான் வாய் திறந்தது. திறந்ததும் முதலில் சொன்னது, எதிர்வீட்டு அக்கா என் சிகரெட் பிராண்டை விசாரித்த கதை.

தென்காசிப் பெண்ணுக்கும் ஊரில் ஓர் ஆச்சி உண்டு. தனியாகத்தான் இருக்கிறாளாம். ராத்திரி ஹாஸ்டல் மொட்டைமாடியிலிருந்து இவள் போன் செய்வாள். “உங்க ஆச்சிக்கு யாரு கம்பேனியன்?” என்று கேட்டேன். “பக்கத்து வீட்டு ஆச்சிதான். முப்பது வருசமா வேலித் தகராறு. விடிஞ்சா ரெண்டு பேரும் வேலிகிட்ட வந்து நின்னுருவாங்க” என்றாள். அங்கே ஏஜென்சி தொழில் நடத்த முடியாது.

இப்போது என் கவலை வேறு. குரூப் 4-ல் தேறிவிட்டால் அவள் போய்விடுவாள். இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் எல்லோருக்கும் இது ஒரு திண்ணைதான். ஏறி உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு, நல்ல உத்தியோகம் கிடைத்ததும் இறங்கிப் போவார்கள். போகவும் வேண்டும். ஆகவே தினமும் நானே பொது அறிவுப் புத்தகத்தை எடுத்துக் கேள்வி கேட்கிறேன். அவள் சரியாகச் சொன்னாலும் தப்பு என்பேன். சண்டை போட்டு நிலைநாட்டிய பதில் பரீட்சையில் மறக்காது.

அவளுக்குப் பிறகு ஏஜென்சி அனுப்பப்போகும் ஆட்களுக்கு நேர்முகத் தேர்வு நானே நடத்துவதாக முடிவு செய்திருக்கிறேன். உங்கள் வீட்டுக்கும் ஆள் தேடுகிறீர்கள் என்றால் அதே கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள், காப்புரிமை ஒன்றும் இல்லை. சான்றிதழைப் பார்க்காதீர்கள், சிரிப்பைப் பார்க்காதீர்கள். உட்காரவைத்து, காபி கொடுத்து, பராசக்தியில் எம்.ஜி.ஆர். நடிப்பு எப்படி என்று கேளுங்கள். “சூப்பர் மேடம்” என்றால் காபி முடிந்ததும் அனுப்பிவிடுங்கள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “எம்.ஜி.ஆரா?” என்று ஒரு புருவம் மேலே போனால், சம்பளம் எவ்வளவு கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகள் டாலரில்தானே அனுப்புகிறார்கள்.